மூட்டு தேயும்போது காவல் புரதங்கள் குறைகின்றனவா, கூடுகின்றனவா?

கேள்வி இதுதான்: "குருத்தெலும்பை அரிக்கும் நொதிகளை அடக்கி வைக்க உடம்பிலேயே தடுப்பான் புரதங்கள் இருக்கின்றன என்கிறார்கள். மூட்டுவாதம் வந்தால் அவை குறைந்துபோகும் என்று ஓரிடத்தில் படித்தேன், கூடும் என்று இன்னோரிடத்தில் படித்தேன். எது சரி? குறைகிறது என்றால் அதையே ஊசியில் ஏற்றிப் போட்டுவிட்டால் என்ன?"

இரண்டுமே சரிதான். மழுப்புவதற்காகச் சொல்லவில்லை. எந்தத் தடுப்பானை அளந்தார்கள், எங்கிருந்து எடுத்து அளந்தார்கள், அளந்தபோது அது சும்மா இருந்ததா அல்லது ஏற்கெனவே ஒரு நொதியைப் பிடித்துக்கொண்டிருந்ததா என்பதைப் பொறுத்து விடை தலைகீழாக மாறும். "எவ்வளவு இருக்கிறது" என்று மட்டும் கேட்டால் இந்த விஷயத்தில் நேரான பதில் கிடைக்காது.

முதலில் இடத்தைப் பார்த்துவிடுவோம். எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்பு, முழங்காலில் ஏறத்தாழ 2 முதல் 4 மில்லிமீட்டர் தடிமன்தான். அதற்குள் ரத்தக் குழாய் கிடையாது, நரம்பு கிடையாது. செல்கள் மொத்தக் கன அளவில் ஓரிரு சதவீதம் இருந்தால் அதிகம். மற்றதெல்லாம் அந்தச் செல்கள் தம்மைச் சுற்றிக் கட்டி வைத்த பொருள்: இரண்டாம் வகை கொலாஜன் இழைகள், அவற்றுக்கு நடுவே அடைந்து கிடக்கும் அக்ரிகேன், அதோடு ஏராளமான தண்ணீர். அக்ரிகேன் பார்ப்பதற்குப் புட்டி கழுவும் பிரஷ் மாதிரி இருக்கும். அதன் மயிர்கள் முழுக்க எதிர்மின்னூட்டம். அதனால் தண்ணீரை இழுத்து இழுத்து உப்பப் பார்க்கும். உப்ப விடாமல் இறுக்கிப் பிடித்திருப்பது கொலாஜன் வலை. இந்த இழுபறியில் பிறப்பதுதான் குருத்தெலும்பின் விறைப்பு.

இரண்டுக்கும் ஆயுள் வேறு. அக்ரிகேன் சில ஆண்டுகளிலிருந்து இருபது சொச்சம் ஆண்டுகளுக்குள் பாதி புதுப்பிக்கப்பட்டுவிடும். குருத்தெலும்புக் கொலாஜனின் அரை ஆயுள் நூறு ஆண்டுகளுக்கு மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதாவது இளமையில் நெய்த வலையைத்தான் கடைசிவரை வைத்துக்கொண்டு ஓட்டுகிறோம். அக்ரிகேன் போனால் திரும்பச் சேர்க்க வழியுண்டு. கொலாஜன் அறுந்தால் அறுந்ததுதான். பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அறுக்கிற கூட்டம் இரண்டு. கொலாஜனை வெட்டுபவை எம்எம்பி என்ற நொதிக் குடும்பத்தைச் சேர்ந்த கொலாஜனேஸ்கள். தேய்மான மூட்டில் இவற்றில் முதல் குற்றவாளி எம்எம்பி-13. மூன்று புரி கயிறாக முறுக்கிய கொலாஜனை ஒரு முனையிலிருந்து முக்கால் தொலைவில், ஒரே குறிப்பிட்ட இடத்தில் வெட்டும். அக்ரிகேனை வெட்டுவது அடாம்டிஎஸ் என்ற இன்னொரு நொதிக் குடும்பம், முக்கியமாக 4-ம் 5-ம். இவை 1999-ல்தான் அடையாளம் காணப்பட்டன. 2005-ல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக அடாம்டிஎஸ்-5 வேலை செய்யாத எலிகளை உருவாக்கிப் பார்த்தன. அவற்றின் குருத்தெலும்பு அக்ரிகேனை இழக்காமல் தாக்குப்பிடித்தது. இரு கூட்டத்துக்கும் வெட்டும் வாயில் ஒரு துத்தநாக அணு உண்டு. அதுதான் அவற்றின் பலம், பலவீனம் இரண்டும்.

சரி, காவலுக்கு வருவோம். டிம்ப் என்று சுருக்கமாக அழைக்கப்படும் தடுப்பான் புரதங்கள் நான்கு: டிம்ப்-1 முதல் டிம்ப்-4 வரை. நான்குமே சிறியவை, ஆப்பு வடிவம் கொண்டவை. ஆறு கந்தகப் பிணைப்புகள் இவற்றை இறுக்கிக் கட்டியிருப்பதால் லேசில் உருக்குலையாது. ஆப்பின் கூர்முனையில், முதல் அமினோ அமிலமாக ஒரு சிஸ்டீன் இருக்கிறது. அது நேராக நொதியின் வாய்க்குள் போய்த் துத்தநாகத்தின் மேல் உட்கார்ந்துவிடும். நொதி அதற்குமேல் எதையும் கடிக்க முடியாது. ஒரு நொதிக்கு ஒரு டிம்ப். கைவிலங்கு மாட்டுவது போல. ஒரு விலங்கை இரண்டு பேருக்கு மாட்ட முடியாது. ஆகவே இங்கே தலை எண்ணிக்கை முக்கியம்: திருடன் மூன்று மடங்காகி, விலங்கு ஒன்றரை மடங்கு மட்டுமே ஆனால், "விலங்கு கூடியிருக்கிறது" என்பது உண்மைதான், ஆனால் பயனில்லாத உண்மை.

நால்வரும் ஒரே மாதிரி இல்லை என்பது அடுத்த சிக்கல். டிம்ப்-1 திரவத்தில் கரைந்து சுற்றித் திரியும். எம்எம்பிகள் பலவற்றை நன்றாக அடக்கும், ஆனால் செல் சவ்வின்மேல் நட்டு வைத்தது போல் இருக்கும் சவ்வு எம்எம்பி-1 என்ற நொதியிடம் அதன் பாச்சா பலிக்காது. டிம்ப்-2-க்கு இரட்டை வேடம். அளவாக இருந்தால், அதே சவ்வு நொதியோடு சேர்ந்துகொண்டு, தூங்கிக்கொண்டிருக்கும் எம்எம்பி-2-ஐ எழுப்பிவிட உதவும். அளவு மீறினால் அதே வேலையைத் தடுக்கும். "தடுப்பான்" என்ற பெயரை வைத்து எடைபோட்டால் இங்கே ஏமாந்துபோவோம். டிம்ப்-4 பற்றிக் குருத்தெலும்பில் பேச அதிகமில்லை.

டிம்ப்-3-தான் இந்தக் கதையின் நாயகன். மற்றவை போல் அலையாது. குருத்தெலும்பின் சல்பேட் சர்க்கரைச் சங்கிலிகளில் ஒட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே காவல் இருக்கும். நால்வரில் அடாம்டிஎஸ்-4, அடாம்டிஎஸ்-5 இரண்டையும் பலமாக அடக்கத் தெரிந்தது இது ஒன்றுதான். போதாக்குறைக்கு, அழற்சியைக் கிளப்பும் டிஎன்எஃப் புரதத்தைச் செல் சவ்விலிருந்து வெட்டி அவிழ்த்துவிடும் அடாம்-17 நொதியையும் அடக்கும். இந்த மரபணுவை நீக்கிய எலிகளுக்கு வயதாக ஆகக் குருத்தெலும்பு லேசாகச் சிதைவதைப் பார்த்திருக்கிறார்கள். "லேசாக" என்பதையும் கவனியுங்கள். இது ஒன்றே எல்லாம் இல்லை.

நல்ல குருத்தெலும்பில் நொதியே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். இருக்கிறது. பெரும்பகுதி உறங்கு நிலையில், வாயில் அடைப்பு வைத்தபடி கிடக்கும். விழித்தவற்றுக்கு மாட்டத் தேவையானதைவிடச் சற்றே கூடுதலாக டிம்ப் இருக்கும். சற்றே கூடுதல், அவ்வளவுதான். செல்லைச் சுற்றியுள்ள குறுகிய வளையத்தில் பழைய அக்ரிகேனை வெட்டிப் புதியதை வைக்கும் வேலை நடந்துகொண்டேதான் இருக்கிறது, அதற்கு இடம்விட்டுத்தான் காவலும் நிற்கிறது. ரத்தத்தில் ஆல்ஃபா-2-மேக்ரோகுளோபுலின் என்று ஒரு பெரிய தடுப்பான் உண்டு. நொதி கடித்ததும் அதையே கூண்டுக்குள் சிறைபிடிக்கும். ஆனால் அதன் உருவம் டிம்ப்பைவிட இருபத்தைந்து மடங்குக்கும் மேல் பெரியது. நல்ல குருத்தெலும்பின் நெருக்கமான வலைக்குள் அதனால் நுழைய முடியாது. மூட்டுத் திரவத்தில்தான் அதன் ஆட்சி. சிஸ்டாட்டின், செர்பின் போன்ற வேறு வகைத் தடுப்பான்களும் உண்டு, அவை வேறு நொதிக் கூட்டங்களைப் பார்த்துக்கொள்பவை என்பதால் இங்கே விடுகிறேன்.

இந்தக் காவலில் யாருக்கு எந்த வேலை என்பதை மிகத் தெளிவாகக் காட்டும் சோதனை பழையது, எளியது. மாட்டின் மூக்குக் குருத்தெலும்பை எடுத்துச் சின்னச் சின்ன வில்லைகளாக வெட்டி, குழித்தட்டில் ஊட்டத் திரவத்தோடு வளர்ப்பார்கள். இன்டர்லூகின்-1, ஆன்கோஸ்டாட்டின்-எம் ஆகிய இரண்டு அழற்சிப் புரதங்களையும் சேர்ப்பார்கள். சில நாளுக்கு ஒருமுறை திரவத்தை மாற்றி, பழையதில் என்ன கரைந்து வந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். ஒரு துளி எடுத்து டிஎம்எம்பி என்ற நீலச் சாயத்தில் விட்டால், அக்ரிகேன் துண்டுகள் இருந்தால் நீலம் கண்ணெதிரே ஊதாவாக மாறும். முதல் வாரத்தில் ஒவ்வொரு குழியும் ஊதாதான். அக்ரிகேன் கொட்டோ கொட்டென்று கொட்டும். கொலாஜன் அப்போது அசையாது. இரண்டாவது வாரம் போல்தான் அது கிளம்பும், கிளம்பினால் வில்லையே கரைந்து குழைந்துபோகும். சாமணத்தால் எடுக்கப் போனால் பிடிக்க ஒன்றும் இருக்காது.

இதே வில்லைகளுக்கு டிம்ப்-1 அல்லது டிம்ப்-2 சேர்த்தால் கொலாஜன் தப்பும், ஆனால் அக்ரிகேன் வெளியேறுவது நிற்காது. டிம்ப்-3 சேர்த்தால் அக்ரிகேனும் நின்றுவிடும். அக்ரிகேன் மூடியிருக்கும்வரை கொலாஜனேஸுக்குக் கொலாஜன் இழை எளிதில் எட்டாது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், டிம்ப்-3 முதல் வாசலைக் காக்கிறது, டிம்ப்-1 உள் வாசலைக் காக்கிறது என்று புரியும்.

இப்போது நோயுற்ற மூட்டு. இதை இரண்டாகப் பிரித்தே பேச வேண்டும், தேய்மானம் (ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ்) வேறு, முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) வேறு.

தேய்மானத்தில், 1989-ல் வெளிவந்த ஓர் ஆய்வு இன்றும் அடித்தளம். மனிதக் குருத்தெலும்பை அரைத்து, அதில் உள்ள எம்எம்பியையும் டிம்ப்பையும் ஒரே திசுவில் அளந்தார்கள். நல்ல திசுவில் டிம்ப் கொஞ்சம் மேலே. தேய்ந்த திசுவில் டிம்ப்பும் ஏறியிருந்தது, ஆனால் நொதி அதைவிட வேகமாக ஏறித் தராசைச் சாய்த்துவிட்டது. கேள்வி கேட்டவர் படித்த "கூடும்" என்ற வாக்கியம் இப்படிப்பட்ட அளவீட்டிலிருந்து வந்திருக்கலாம். காரணம் கடினமானதல்ல. இன்டர்லூகின்-1 போன்ற செய்திகள் வந்தால் செல் எம்எம்பியைப் பல மடங்கு தயாரிக்கும், டிம்ப் தயாரிப்பு அதற்கு ஈடு கொடுக்காது.

"குறையும்" என்பதும் ஆய்வுகளில் இருக்கிறது. 2004-ல் ஒரு குழு, இடுப்பு மூட்டு மாற்றியவர்களின் தேய்ந்த குருத்தெலும்பையும், தொடை எலும்புக் கழுத்து முறிந்து அறுவை செய்துகொண்டவர்களின் குருத்தெலும்பையும் ஒப்பிட்டது. புரதத்தை அல்ல, புரதம் தயாரிக்கச் சொல்லும் எம்ஆர்என்ஏ-வை அளந்தார்கள். டிம்ப்-1, டிம்ப்-4 இரண்டும் குறைவு, டிம்ப்-3 சற்றே கூடுதல், எம்எம்பி-13 நன்றாகவே கூடுதல். அதிர்ச்சி என்னவென்றால், எலியில் முதன்மைக் குற்றவாளியான அடாம்டிஎஸ்-5 குறைந்திருந்தது. இதைப் பார்த்துக் குழம்ப வேண்டியதில்லை. மாற்று அறுவைக்கு வரும் மூட்டு, சண்டை முடிந்த களம். வெட்ட வேண்டிய அக்ரிகேன் எப்போதோ போய்விட்டது. அங்கே இருக்கும் எம்ஆர்என்ஏ, சண்டை எப்படித் தொடங்கியது என்று சொல்லாது.

பின்னால் வந்த ஆய்வுகள் டிம்ப்-3 புரதத்தையே நேராக அளந்தபோது அது தேய்ந்த திசுவில் குறைவாக இருந்தது. தயாரிப்புக் கட்டளை குறையவில்லை, சரக்கு மட்டும் குறைகிறது. அப்படியானால் எங்கே போகிறது? செல்லின் மேல் எல்ஆர்பி-1 என்று ஓர் ஏற்பி உண்டு. டிம்ப்-3-ஐப் பிடித்து உள்ளே விழுங்கிச் செரித்துவிடுவது அதன் வேலைகளில் ஒன்று. சுவாரசியம் என்னவென்றால், அடாம்டிஎஸ்-5-ஐயும் எம்எம்பி-13-ஐயும் விழுங்கி அகற்றுவதும் அதே ஏற்பிதான். காவலரும் திருடரும் ஒரே குப்பை வண்டியில் போகிறார்கள். தேய்மான மூட்டில் இந்த ஏற்பியே வெட்டப்பட்டுச் செல்லிலிருந்து உதிர்கிறது, அதனால் நொதிகள் அகற்றப்படாமல் வெளியே நீண்ட நேரம் உலவுகின்றன. ஏற்பியை வெட்டுவது யார் தெரியுமா? அடாம்-17-ம் சவ்வு எம்எம்பி-1-ம். இரண்டையுமே டிம்ப்-3 அடக்கக்கூடியது. இந்த ஒரு வளையத்தைப் படித்தபிறகு, "டிம்ப் அளவு இவ்வளவு" என்று ஒற்றை எண்ணாகச் சொல்லும் எதன்மீதும் எனக்குப் பெரிய மரியாதை இல்லை.

இந்த அவமரியாதைக்கு என் சொந்தத் தவறும் ஒரு காரணம். ரிவர்ஸ் ஸைமோகிராபி என்றொரு முறை இருக்கிறது. ஜெலட்டினும் அதைக் கரைக்கும் நொதியும் கலந்த ஜெல்லில் மாதிரியை ஓடவிட்டு, ஓரிரவு வெதுவெதுப்பாக வைத்து, மறுநாள் நீலச் சாயம் ஏற்ற வேண்டும். நொதி தின்ற இடமெல்லாம் வெளுத்திருக்கும். டிம்ப் நின்ற இடம் மட்டும் காக்கப்பட்டு நீலக் கோடாகத் தெரியும். நான் முதன்முதலில் ஓட்டியபோது நோயுற்ற திசுவின் வரிசையில் தடித்த நீலக் கோடுகள். "காவல் பலமாகத்தான் இருக்கிறது" என்று மகிழ்ந்து காட்டப் போனேன். மூத்தவர் ஒருவர் பார்த்துவிட்டு, "ஜெல்லில் எஸ்டிஎஸ் சோப்பு இருக்கிறதே, நொதியோடு பிணைந்திருந்த டிம்ப்பையும் அது பிரித்துத்தானே விட்டிருக்கும்?" என்று மட்டும் கேட்டார். அவ்வளவுதான். நான் எண்ணியது கையில் சும்மா வைத்திருந்த விலங்குகளை அல்ல, ஏற்கெனவே மாட்டிய விலங்குகளையும் கழற்றிப் போட்ட மொத்தக் குவியலை. சும்மா இருக்கும் டிம்ப் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால், பிணைப்பைக் கலைக்காமல், தெரிந்த அளவு நொதியைச் சேர்த்து அதில் எவ்வளவு அடங்குகிறது என்று பார்க்க வேண்டும். கட்டுரைகளில் "டிம்ப் கூடியது" என்று வருமிடத்தில் செய்முறைப் பகுதியைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் எனக்கு அன்று வந்தது.

முடக்குவாதத்தில் நிலைமை வேறு. அங்கே தாக்குதல் பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிறது. மூட்டுச் சவ்வு வீங்கித் தடித்து, பேனஸ் என்னும் திசுவாகக் குருத்தெலும்பின் ஓரத்தின்மேல் படர்ந்து அரிக்கும். மூட்டுத் திரவத்தில் நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் குவிந்திருக்கும். அந்தத் திரவத்தில் டிம்ப்-1 நிறையவே இருக்கிறது. இருந்தும் ஏன் காக்கவில்லை? ஒன்று, நியூட்ரோஃபில் கொட்டும் எலாஸ்டேஸ் நொதி டிம்ப்-1-ஐ வெட்டிச் செயலிழக்கச் செய்துவிடும். அதே செல்கள் உமிழும் ஹைப்போகுளோரஸ் அமிலமும் அதைக் கெடுக்கும். இரண்டு, பேனஸ் செல்கள் தம் சவ்விலேயே வைத்திருக்கும் சவ்வு எம்எம்பி-1-ஐ டிம்ப்-1 தொட முடியாது என்று முன்பே சொன்னேன். மூன்று, செல் குருத்தெலும்போடு ஒட்டிக்கொண்டு அரிக்கும் அந்த இடுக்குக்குள் திரவத்தில் மிதப்பது போய்ச் சேருவதே கஷ்டம். குளம் நிறையத் தண்ணீர் இருந்தாலும் கூரையில் பிடித்த தீ தானாக அணையாது.

அப்புறம் கடைசிக் கேள்வி: அதையே மருந்தாக்கினால் என்ன?

முதலில் முயன்றது டிம்ப்பை அல்ல, அதைப் போலவே துத்தநாகத்தைப் பற்றும் சிறிய வேதி மூலக்கூறுகளை. மாரிமாஸ்டாட் என்ற மருந்தைப் புற்றுநோயில் சோதித்தபோது, பலருக்குத் தோளும் கையும் விறைத்து வலித்தன. எம்எம்பி தடுப்பான் கொடுத்து மூட்டு வலி வந்தது! முழங்கால் தேய்மானத்துக்கே என்று சோதித்த பிஜி-116800 மருந்தின் முடிவு 2007-ல் வந்தது. மூட்டு இடைவெளி குறுகுவதை அது தடுக்கவில்லை, தசை-மூட்டுத் தொல்லைகளோ வந்தன. எம்எம்பிகளை ஓரளவு அடக்கும் பழைய ஆன்டிபயாடிக் டாக்ஸிசைக்ளின், 2005-ல் வெளியான 30 மாதச் சோதனையில் மூட்டு இடைவெளி குறுகுவதைக் கொஞ்சம் மெதுவாக்கியது, ஆனால் வலியில் சொல்லும்படி மாற்றமில்லை. அடாம்டிஎஸ்-5-ஐ மட்டும் குறிவைத்த ஒரு மாத்திரையை 900-க்கும் மேற்பட்டோரிடம் ஓராண்டு சோதித்தார்கள். குருத்தெலும்பு இழப்பு குறையவில்லை. எல்லா எம்எம்பியையும் அடக்கினால் உடம்பின் தினசரிப் பராமரிப்பும் நிற்கிறது, ஒன்றை மட்டும் அடக்கினால் நோய் வேறு வழியில் போகிறது என்பதுதான் என் வாசிப்பு.

டிம்ப்பையே ஊசியாகப் போடுவதில் இன்னும் நேரடியான தடைகள் உண்டு. மூட்டுக்குள் போட்ட சிறு புரதம் நீண்ட நேரம் தங்காது, வெளியேறிவிடும். டிம்ப்-3 ஒட்டிக்கொள்ளும், ஆனால் எல்ஆர்பி-1 விழுங்கிவிடும். அதற்கும் வழி தேடுகிறார்கள். அந்த ஏற்பியின் பிடிக்கு நழுவும்படி டிம்ப்-3-இல் சில அமினோ அமிலங்களை மாற்றிச் செய்திருக்கிறார்கள். இன்னொரு தந்திரம் எனக்கு மிகவும் பிடித்தது: கூர்முனையில் ஒரே ஒரு அலனினைக் கூடுதலாக ஒட்டினால், டிம்ப்-3 எம்எம்பிகளை விட்டுவிடும், அடாம்டிஎஸ்களை மட்டும் அடக்கும். இந்த மாற்றிய புரதத்தைச் சுரக்கும்படி செய்த எலிகளின் குருத்தெலும்பு நன்றாகத் தாக்குப்பிடித்தது. பென்டோசான் பாலிசல்பேட் என்ற சர்க்கரைச் சேர்மம் இன்னொரு பாதை. அது டிம்ப்-3 விழுங்கப்படுவதைத் தடுப்பதோடு, அடாம்டிஎஸ்-5-ஐ அது பற்றும் பிடியையும் இறுக்குகிறது. புதிதாக ஒன்றைத் திணிப்பதைவிட, திசு தானே தயாரிக்கும் காவலைத் தங்கவைப்பது புத்திசாலித்தனம் என்று எனக்குப் படுகிறது. ஆனால் இவை எதையும் இப்போதைக்கு மூட்டு தேயாமல் நிறுத்தும் நிரூபணமான சிகிச்சை என்று சொல்ல முடியாது.

இதைப் படித்துவிட்டு யாராவது ரத்தத்தில் டிம்ப்-1 அளந்து பார்க்கலாமா என்று யோசித்தால், வேண்டாம். அப்படி ஒரு பரிசோதனை உண்டுதான். கல்லீரலில் தழும்பு ஏறியிருக்கிறதா என்று பார்க்கும் ஒரு ரத்தப் பரிசோதனையில் அதுவும் ஓர் அங்கம். உடம்பில் எத்தனையோ திசுக்கள் டிம்ப்-1-ஐச் சுரக்கின்றன. முழங்காலில் இருப்பது 2 முதல் 4 மில்லிமீட்டர் படலம், அதில் செல்கள் ஓரிரு சதவீதம், ரத்தக் குழாயும் கிடையாது. அங்கே டிம்ப்-3 எந்த அக்ரிகேன் கிளையில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்பது கையில் குத்தி எடுக்கும் ஊசியில் வராது.